எண்ணிக்கையும் பெயரும்

சுவிசேஷ ஊழியத்தின் பொருட்டு ஊர் ஊராகப் பிரயாணம் செய்கிறவனுக்கு, தான் போதிக்கச் செல்லும் இடத்தில் தானும் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்பது வெகு சீக்கிரத்தில் விளங்கிவிடும். ஆனால் அந்தப் பாடம் எப்போதும் உயிரோடிருப்பவர்களின் வாயிலிருந்தே வரும் என்று சொல்வதற்கில்லை. மாண்டவர்களும் போதிக்கிறார்கள். மாண்டவர்களுள் யாரை நினைக்கிறோம், யாரை நினையாமல் விட்டுவிடுகிறோம் என்னும் கேள்விக்கு ஒரு தேசமோ ஒரு சபையோ தன் நடத்தையால் அளிக்கும் விடையிலேதான், உயிரோடிருக்கும் மனிதனை அது உள்ளபடியே எவ்வளவு மதிக்கிறது என்பது வெளியாகிறது. தாய்லாந்தின் மேற்கே காஞ்சனபுரி என்னும் ஊரில் உள்ள யுத்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தது முதல் இந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

மலேசியாவின் வடபகுதியில் உள்ள தமிழ்ச் சபைகளில் கூட்டங்களை முடித்துக்கொண்டு, பர்மா எல்லையை அடுத்த சங்க்லபுரிப் பக்கத்துக் கரேன் கிறிஸ்தவர்களின் அழைப்பை ஏற்று நான் தாய்லாந்துக்குப் புறப்பட இருந்த சமயம், கெடா மாநிலத்துத் தோட்டச் சபை ஒன்றில் ஆராதனை முடிந்ததும் ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். "ஐயா, சயாமுக்கா போறீங்க? எங்கப்பாவையும் அங்கதான் சப்பான்காரன் காலத்துல ரயில் ரோடு போடக் கொண்டுபோனாங்க. போனவரு போனவருதான். அவரு பேரைச் சொல்லி அங்க ஒரு ஜெபம் பண்ணிட்டு வாங்கய்யா" என்று சொல்லி, தம் தகப்பனாரின் பெயரை இரண்டு முறை நிதானமாக எடுத்துரைத்தார். அந்தப் பெயரை என் வேதப்புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதிக்கொண்டேன். காஞ்சனபுரியில் நான் இறங்கியதற்குக் காரணம் அந்த அம்மையாரின் வேண்டுகோளே ஆகும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படைக்கு, மலாக்கா நீரிணை வழியாகச் செல்லும் கடல்மார்க்கம் நேசநாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் அபாயம் நிறைந்ததாகிவிட்டபடியால், தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரையில், மலையையும் காட்டையும் ஊடறுத்து 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய அந்த வேலை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரத்தில் அது முடிந்ததற்கு இயந்திர பலம் காரணமன்று; உளியும் சுத்தியலும் மண்கூடையும் ஏந்திய கைகள் ஓய்ந்து விழுந்தபோதெல்லாம், அவற்றின் இடத்தில் வேறு கைகள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன என்பதே காரணம். 60,000-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் அங்கே உழைத்தார்கள். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் மலேரியாவாலும் காலராவாலும் வயிற்றுக்கடுப்பாலும், மூங்கில் கீறிய காயம் எலும்பு வரை அழுகிப்போகும் புண்களாலும், பட்டினியாலும் அடியாலும் மாண்டார்கள்.

காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் 6,982 பேர் நினைவுகூரப்படுகிறார்கள். வெட்டிச் சீராக்கிய புல்வெளியில், தரைக்குச் சற்றே மேலாகச் சாய்ந்திருக்கும் கற்களின்மேல் வெண்கலத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தகட்டிலும் மாண்டவரின் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, பலவற்றில் குடும்பத்தார் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஒரு வாக்கியம். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேதம் அங்கே இல்லை. பதவியைக் கருதாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியே பெயரால் நினைவுகூர வேண்டும் என்பது, 1917-இல் தோன்றிய யுத்தக் கல்லறை ஆணையம் தனக்கென வகுத்துக்கொண்ட நியதி. 1943-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் நீக்கே முகாமில் பெரும்பாலும் காலராவால் மாண்டு, தொற்றுக்கு அஞ்சி ஒருசேர எரிக்கப்பட்ட ஏறத்தாழ 300 பேரின் சாம்பலும் இங்கே இரண்டு குழிகளில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. இன்னாருடைய சாம்பல் இன்னது என்று பிரித்தறிய இயலாமற்போனாலும், அவர்களுடைய பெயர்கள் மட்டும் கலந்துபோகாமல், தோட்டத்து மண்டபத்தின் பலகைகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சாம்பலான பின்னும் மனிதன் தனியொருவனாகவே மதிக்கப்படலாம் என்பதற்கு இதைக்காட்டிலும் தெளிவான சாட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தப் பெயர்கள் தாமாகவே வந்து அங்கே அமர்ந்துவிடவில்லை என்பதைச் சிந்திக்க வேண்டும். நினைவு என்பதை நாம் பெரும்பாலும் உணர்ச்சியாகவே கருதுகிறோம்; கண்ணீர் வந்தால் நினைத்தோம் என்றும், கண்ணீர் வற்றினால் மறந்தோம் என்றும் எண்ணுகிறோம். காஞ்சனபுரியில் நான் கண்ட நினைவு உழைப்பினால் ஆனது. கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகளும் வைத்தியர்களும் குருமார்களும் இருந்தார்கள். காகிதம் கிடைப்பதே அரிதான இடத்தில், காவலர் கண்டால் தண்டனை நிச்சயம் என்று அறிந்தும், இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதை அவர்கள் எழுதி ஒளித்து வைத்தார்கள். யுத்தம் முடிந்த சில வாரங்களில், 1945 செப்டம்பரில், ஒரு சிறு குழு அந்த ரயில்பாதை நெடுகப் பிரயாணம் செய்து, காடு மூடத் தொடங்கியிருந்த 144 இடுகாடுகளைத் தேடிப் பார்த்து, 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. பட்டினி கிடந்தவன் தன் பக்கத்தில் மாண்டவனுக்காகச் செலவிட்ட கடைசிச் சக்தியும், விடுதலை பெற்றவன் வீட்டுக்கு ஓடாமல் மீண்டும் அந்தக் காட்டுக்குள் திரும்பிய பொறுமையும் சேர்ந்தே அந்தத் தகடுகளாக ஆகியிருக்கின்றன.

அத்தனை தகடுகளுக்கிடையே, என் வேதப்புத்தகத்தில் எழுதியிருந்த பெயர் இருக்க இடமில்லை. அது ராணுவக் கல்லறை. அவரோ ராணுவத்தைச் சேர்ந்தவரல்லர், பால்மரம் சீவிய தொழிலாளி. ஜப்பானியர் ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்றது; தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே உணவு என்றாயிற்று. அந்த நிலைமையில், சயாமில் சில மாதத்து வேலை, நல்ல கூலி, நல்ல சாப்பாடு என்ற வார்த்தையை நம்பி முதலில் பலர் போனார்கள். சிலர் மனைவி மக்களையும் உடன் அழைத்துச் சென்றார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் அஞ்சிப் பின்வாங்கியபோது, தொழிலாளர் குடியிருந்த லயங்களிலிருந்தும் தெருக்களிலிருந்தும் ஆட்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். இவ்வாறு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் முதலியோரும் அவர்களைப்போலவே அத்தாப்புக் கொட்டகைகளில் குவிக்கப்பட்டார்கள். அவர்களுக்கென்று வைத்தியர் இல்லை; அவர்களுக்காகப் பேச அதிகாரி இல்லை; பெயர் எழுதி ஒளித்துவைக்க ஒருவரும் இல்லை. 1943-இன் நடுவில் சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளே மருத்துவக் குழுக்களாக அனுப்பப்பட்டு இந்தத் தொழிலாளரிடையே பணியாற்றினார்கள் என்றாலும், அதற்குள் காலரா பல கொட்டகைகளை வெறுமையாக்கிவிட்டிருந்தது.

இவர்களில் மாண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், 80,000-இலிருந்து 1,00,000 வரை இருக்கலாம் என்பதே கிடைக்கிற பதில். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள 20,000 என்பது எத்தகைய தொகை என்று ஆலோசித்துப் பார்த்தேன். இருந்தார்களோ இல்லையோ என்று தெரியாத அந்த 20,000 பேர், அதே பாதையில் மாண்ட போர்க்கைதிகள் அனைவரையும்விடத் தொகையில் அதிகம். ஒரு பக்கத்தில் ஒரு சிப்பாய் இறந்த தேதி திருத்தமாகத் தெரிகிறது. மறுபக்கத்தில் ஒரு நகரத்து ஜனங்கள் அளவுக்கு மனிதர்கள், உத்தேசம் என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் பெயரிட்டிருப்பாள். சிலருக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று ஒரு போதகரும் பெயரிட்டிருப்பார்.

ஆனால் அவர்கள் எண்ணப்படாதவர்கள் அல்லர் என்பதுதான் இதில் மிகவும் வேதனையான விஷயம். நாள்தோறும் அவர்கள் எண்ணப்பட்டார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில், கணக்கு எழுதும் கிராணி அவர்களை எண்ணினான். ரயில் பெட்டியில் ஏற்றும்போதும், முகாமில் வரிசையாய் நிறுத்தும்போதும் காவலர் எண்ணினார்கள். இன்று இத்தனை பேர் கல்லுடைக்க வேண்டும், அதில் இத்தனை பேர் குறைகிறார்கள் என்று அதிகாரிகள் எண்ணினார்கள். அந்த எண்ணிக்கைக்கு வேண்டியிருந்தது கைகளின் தொகை மட்டுமே. ஒரு தலை குறைந்தால் வேறொரு தலையை வைத்து அது நிரப்பப்பட்டது. வேதத்தில் தாவீது ராஜா இஸ்ரவேலரில் பட்டயம் பிடிக்க வல்லவர்களைத் தொகையிட்டபோது, போர்ச்சேவகனாகிய யோவாபுக்கே அது தகாத காரியமாகத் தோன்றிற்று என்றும், அதனால் தேசத்தின்மேல் கொள்ளைநோய் வந்தது என்றும் படிக்கிறோம். எண்ணுவதில் என்ன பாவம் இருக்கக்கூடும் என்று இளமையில் நான் வியந்ததுண்டு. இந்த ரயில்பாதையின் சரித்திரத்தை அறிந்தபின் அந்த அதிகாரம் எனக்கு வேறு வெளிச்சத்தில் தோன்றுகிறது: மனிதனை அவனுடைய பயனுக்காக எண்ணத் தொடங்குகிற இடத்தில், அவனைச் செலவழித்துவிடுவதற்கான சம்மதம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிடுகிறது.

இதற்கு எதிரான எண்ணிக்கை ஒன்றும் வேதத்தில் உண்டு. தொண்ணூற்றொன்பதும் பத்திரமாக இருக்க, ஒன்று குறைவதைக் கண்டு புறப்பட்டுப் போகிற மேய்ப்பனும் எண்ணித்தான் பார்த்தான். ஆனால் குறைந்ததற்குப் பதில் வேறோர் ஆட்டை வாங்கிச் சேர்த்து அவன் தொகையைச் சரிக்கட்டவில்லை. ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் வரிசையாகச் சொல்லும் பெயர்களைப் பலர் வாசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அவற்றுள் அம்பிலியா, உர்பான் போன்ற சில, அக்காலத்தில் அடிமைகளுக்குச் சாதாரணமாக இடப்பட்ட பெயர்கள். விலைக்கு விற்கப்பட்டவர்களாக உலகம் கணக்கிட்ட மனிதரை, திருச்சபை தன் நிருபத்தில் பெயர் சொல்லி வாழ்த்திற்று. அப்படிப்பட்ட சபையின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு, பெயரின்றி மாண்டவர்களைக் குறித்து ஒரு கடமையும் இல்லை என்று எவ்வாறு சொல்ல இயலும்?

காஞ்சனபுரிக்கு அண்மையில், ஆற்றங்கரையில், சுங்காய் என்ற இடத்தில் மற்றொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கிருந்த கைதிகள் முகாமில் எர்னஸ்ட் கார்டன் என்ற ஸ்காட்லாந்து அதிகாரி, பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்டு, சாகிறவர்களுக்கான கொட்டகையில் கிடத்தப்பட்டிருந்தார். கணக்கில் அவர் இறந்தவர்தான். சிப்பாய்கள் இருவர், ஒருவர் மெதடிஸ்து, மற்றவர் கத்தோலிக்கர், அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாமல் நாள்தோறும் அவருடைய புண்களைக் கழுவி, அசைவற்ற கால்களைத் தேய்த்துவிட்டு, அவரை உயிருக்கு மீட்டார்கள். பின்னாளில் அவர் குருவானவராகி, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆலயத்தின் தலைவராகப் பணியாற்றினார். ஒருவனைக் கணக்கிலிருந்து மீட்டு மறுபடியும் மனிதனாகக் கருதுவது எத்தனை பெரிய செயல் என்பதற்கு அவருடைய ஆயுள் முழுவதும் அத்தாட்சியாயிற்று.

மன்னிப்பும் இவ்விதமே தொடங்குகிறது என்பதை நகாசே தகாஷி என்னும் ஜப்பானியரின் வரலாறு எனக்கு உணர்த்திற்று. ராணுவப் போலீசின் மொழிபெயர்ப்பாளராயிருந்து, சித்திரவதையோடு நடந்த விசாரணைகளில் கைதிகளிடம் கேள்விகளை எடுத்துச் சொன்ன அவர், யுத்தம் முடிந்ததும் முன்சொன்ன கல்லறை தேடும் குழுவுக்குத் துணையாக அனுப்பப்பட்டார். தம் படை செய்ததை, குழி குழியாக, பெயர் பெயராக, அவர் தம் கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று. அதன்பின் அவர் வாழ்நாள் முழுவதும் காஞ்சனபுரிக்குத் திரும்பத் திரும்ப வந்து, 1986-இல் அங்கே ரயில்பாதை ஆற்றைக் கடக்கும் பாலத்தின் அருகே சமாதானத்துக்காக ஒரு கோயிலையும் கட்டினார். அவர் முன்னிலையில் சித்திரவதைப்பட்ட எரிக் லோமாக்ஸ் என்பவர், அரை நூற்றாண்டு மனத்தில் சுமந்த பகையோடு 1993-இல் அவரை அதே ஊரில் சந்தித்து, முடிவில் மன்னித்தார். பழையதை மறந்துவிடுவோம் என்று சொல்வதை மன்னிப்பென்று நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். இவர்கள் இருவரும் எதையும் மறக்கவில்லை. யாருக்கு என்ன செய்யப்பட்டது என்பதை இருவரும் அறிந்து ஒப்புக்கொண்டதினாலேயே மன்னிக்கவும் மன்னிக்கப்படவும் அவர்களால் முடிந்தது. அப்படியானால், பெயரே தெரியாத ஆயிரக்கணக்கானவருக்கு இழைத்த தீங்கைக் குறித்து யார் யாரிடத்தில் மன்னிப்புக் கேட்பது?

பெயரில்லாதவர்களையும் சிலர் முற்றிலும் மறந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாலத்துக்கு அருகே ஜப்பானிய ரயில்வேப் படையினரே 1944-இல் எழுப்பிய நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. அதில் பல மொழிகளில் பொறித்த பலகைகளுள் தமிழ்ப் பலகையும் ஒன்று. யுத்தக் கல்லறைத் தோட்டத்தின் அருகிலேயே உள்ள தவோர்ன் வராராம் என்னும் பௌத்த ஆலயத்தில், ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் திரட்டி அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. அந்த ஆலயத்து வளாகத்தில், மலேசியத் தமிழரின் நெடுநாள் முயற்சியின் பயனாக, 2023-ஆம் ஆண்டில் ஒரு நடுகல்லும் நிறுவப்பட்டிருக்கிறது. போரில் வீழ்ந்த வீரனுக்கு ஊர் நட்டுவைக்கும் கல்லை, கூலி வேலைக்குப் போய் மாண்டவனுக்கு நட்டதில் பெரிய நியாயம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். வேற்று மதத்தார் தங்கள் ஆலயத்தில் இடங்கொடுத்துக் காத்த அந்த எலும்புகளுக்கு முன்பாக நின்றுதான், மூதாட்டி சொன்ன பெயரை உரக்கச் சொல்லி ஜெபித்தேன்.

தேவன் எல்லாரையும் அறிந்திருக்கிறாரே, அவருடைய புஸ்தகத்தில் ஒரு பெயரும் விடுபடாதே, பின் நாம் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று பக்தியுள்ளவர்கள் கேட்கக்கூடும். அவர் அறிந்திருக்கிறார் என்பது என் விசுவாசம். அந்த விசுவாசம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் என்னால் ஜெபித்திருக்கவே முடியாது. ஆயினும் ஏழையின் பசியையும் தேவன் அறிந்திருக்கிறார். அதைக் காரணமாகக் காட்டி அவனுக்குச் சோறிடாமல் இருக்க நமக்கு அனுமதி இல்லை. அவர் அறிந்திருப்பது மாண்டவர்களுக்கு நம்பிக்கை. உயிரோடிருக்கும் நமக்கோ அது கட்டளை.

இந்தக் கட்டளை முதலாவது ஊழியர்களாகிய எங்களை நோக்கியே வருகிறது. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கையுயர்த்தினார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதுதான் எங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி. எங்கள் அறிக்கைகளும் அந்த எண்களாலேயே அலங்கரிக்கப்படுகின்றன. காஞ்சனபுரியிலிருந்து மேற்கே சென்று கரேன் ஜனங்களைச் சந்தித்தபோது, எந்தத் தேசத்தின் குடியுரிமைச் சீட்டும் இல்லாத பலர் அவர்களிடையே இருப்பதைக் கண்டேன்; பிறப்பும் இறப்பும் எந்த ஏட்டிலும் ஏறாமல் மனிதர்கள் உழைத்து மறையக்கூடிய நிலைமை, யுத்தத்தோடு ஒழிந்துவிடவில்லை. அந்தச் சபையின் மூப்பர் ஒருவர், தம் கிராமத்தில் பிறந்த, இறந்த ஒவ்வொருவரையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக் காத்து வருகிறார். அரசாங்க முத்திரை இல்லாத அந்த ஏட்டுக்கு, எந்தப் பிரசங்கத்துக்கும் குறையாத மதிப்பு உண்டு என்று அவருடைய சபையாரிடம் சொன்னேன்.

மலேசியத் தோட்டங்களிலும், தோட்டங்களை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும், சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள் மிக முதிர்ந்த வயதில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் இருக்கும் பெயர்கள் அவர்களோடு போய்விட்டால் மீண்டும் கிடைக்கமாட்டா. ஒவ்வொரு சபையும், அதனைப்போலவே ஒவ்வொரு கோயிலும் சங்கமும், தன் வட்டாரத்து முதியவர்களிடம் சென்று உட்கார்ந்து, போனவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த வருஷம், உடன் போனவர் யார் என்று பொறுமையாய்க் கேட்டு எழுதிவைக்குமானால், உத்தேசம் என்னும் அந்தக் குழியிலிருந்து ஒவ்வொருவராக மனிதர் மீட்கப்படுவார்கள். இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஓர் ஏடும், கேட்பதற்கு ஒரு செவியும், அவசரப்படாத மனமும் போதும். அன்பு என்பதை உணர்ச்சியாகவே அறிந்து பழகியவர்களுக்கு இது வறண்ட வேலையாகத் தோன்றலாம். ஆனால் சாகும் தறுவாயில் இருந்த கைதிகள் தங்கள் தோழருக்காகச் செய்தது இந்த வறண்ட வேலையைத்தான். அவர்கள் செய்த இடத்தில் இன்று பெயர்கள் இருக்கின்றன, செய்ய ஆளில்லாத இடத்தில் உத்தேசத் தொகை இருக்கிறது. மாண்டவரைப் பெயரால் நினைக்கப் பழகிய சமுதாயமே உயிரோடிருப்பவரைத் தலைகளாக எண்ண மறுக்கும். ஆதலால் இந்தப் பெயர்களைத் தேடி எழுதுவதும், எங்கள் பிரசங்கத்தைப் போலவே, சுவிசேஷ ஊழியத்தின் பகுதியாகும்.